பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டி: எந்த முப்பரிமாணப் படம் எதற்கு?

எம்ஆர்ஐ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “தம்பி, டாக்டர் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ எடுக்கலாம்னு சொல்றார், கட்டாயமா?” “கலர் கலரா நரம்பு தெரியுற ஸ்கேன் எடுத்துட்டா ஆபரேஷன்ல பயம் இல்லையாமே?” “ஆபரேஷன் நடக்கும்போதே எம்ஆர்ஐ எடுக்குற ஆஸ்பத்திரி இருக்காம், அங்கேயே போயிடலாமா?”

நான் அறுவை மருத்துவர் இல்லை. ஸ்கேன் எடுப்பதும், எடுத்த படங்களை முப்பரிமாணமாகச் சேர்த்து அறுவை அரங்கில் மருத்துவருக்கு வழிகாட்டும் நேவிகேஷன் கருவியில் ஏற்றிக் கொடுப்பதும்தான் என் வேலை. முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். ஆனால் அவர் சொல்லும் ஒவ்வொரு படமும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எதற்குச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு அவர் முன் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா மூளைக் கட்டிக்கும் ஒரே பதில் கிடையாது. எனவே ஒரு நிலைமையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது வயதுக்காரர், வலது கைப் பழக்கம். திடீரென்று ஃபிட்ஸ் வந்து ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடது முன் பகுதியில் ஒரு கட்டி தெரிகிறது. மெதுவாக வளரும் கிளையோமா வகை (மூளை நரம்புகளைத் தாங்கும் செல்களிலிருந்து வரும் கட்டி) என்று சந்தேகம். பேச்சை உருவாக்கும் இடம் இந்தப் பகுதியில் இருப்பதை 1861-இலேயே பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டிவிட்டார். “டான்” என்ற ஒரே அசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாத நோயாளி ஒருவர் இறந்த பிறகு, அவரது மூளையில் சிதைந்திருந்த இடத்தை அவர் கண்டார். நம் நோயாளியின் கட்டி அந்த இடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கட்டியை எவ்வளவு அதிகமாக எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது; கூடுதலாகக் கொஞ்சம் எடுத்துவிட்டால் பேச்சு போய்விடும். முப்பரிமாணப் படங்களுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை.

முதலில் அடிப்படை எம்ஆர்ஐ. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் 5 மி.மீ. தடிமன் உள்ள வெட்டுகளாக இருக்கும், நடுநடுவே சிறு இடைவெளியும் இருக்கும். வாழைத்தண்டைத் தடிதடியாக நறுக்கினால் உள்ளே ஒரு பூச்சி ஓட்டை எப்படி வளைந்து போகிறது என்று தெரியாது. மெல்லிசாக நறுக்கினால் தெரியும். அறுவைத் திட்டத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனில், இடைவெளியே இல்லாமல், தலை முழுவதையும் எடுத்த தொகுப்பு. அதுவும் ஒன்று போதாது. காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஒன்று, ஃபிளேர் என்ற முறையில் ஒன்று. மெதுவாக வளரும் கிளையோமா காண்ட்ராஸ்டில் பெரும்பாலும் பளிச்சென்று தெரியாது. ஃபிளேரில்தான் அதன் பரப்பு தெரியும்.

வீட்டிலிருந்து கொண்டு வரும் பழைய ஸ்கேன் பல நேரம் பயன்படாமல் போவதற்கு இன்னொரு காரணம் மூக்கு. சிரிக்காதீர்கள், உண்மைதான். நேவிகேஷன் கருவி நோயாளியின் தலையையும் படத்தில் உள்ள தலையையும் ஒன்றோடொன்று பொருத்துவதற்கு மூக்கு நுனி, கண் ஓரம், காது முன்னால் உள்ள சின்னக் குருத்தெலும்பு இதையெல்லாம்தான் பிடித்துக்கொள்கிறது. நேரத்தை மிச்சம் பிடிக்க யாராவது மூக்கு நுனியை வெட்டிவிட்டு எடுத்திருந்தால் அந்தத் தொகுப்பு எனக்கு உதவாது. தலை அசையாமலிருக்க வைக்கும் பஞ்சு அட்டை கன்னத்தை அமுக்கி, படத்தில் முகம் ஒரு பக்கம் ஒடுங்கி வந்திருந்தாலும் பொருத்தம் தவறும். ஃபிலிம் வேண்டாம், ஸ்கேனைப் பதிந்து தரும் கணினித் தட்டைக் கொண்டு வாருங்கள் என்று நாங்கள் கேட்பதும் இதற்காகவே. ஃபிலிமில் இருப்பவை படங்கள் மட்டும். தட்டில் இருப்பதுதான் முழுத் தொகுப்பு.

சிடி ஸ்கேன் இந்த நிலைமையில் துணைக்கு வரலாம், முதன்மையாக நிற்காது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தபோது, ஒரு படத்தில் இருந்தவை 80-க்கு 80 கட்டங்கள் மட்டும். மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளைக்குள் இருப்பதைப் பார்க்க அதுவே போதுமானதாக இருந்தது. எலும்பையும் இரத்தக் கசிவையும் காட்டுவதில் சிடி இன்றும் முன்னால் நிற்கிறது. மெல்லிய கிளையோமாவின் ஓரத்தைக் காட்டுவதில் எம்ஆர்ஐ பக்கத்தில் அது வர முடியாது.

அப்புறம் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டிய தத்துவம் இது: மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, அந்த மாற்றத்தைக் காந்தம் உணர முடியும். அதாவது நரம்பு வேலை செய்வதை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை, அதற்குச் சில நொடி கழித்து வரும் இரத்தத்தைப் பார்க்கிறோம். கட்டியின் உள்ளும் ஓரத்திலும் இரத்தக் குழாய்களின் இந்தப் பழக்கம் கெட்டுப் போயிருக்கலாம். அப்போது பேச்சு வேலை நடக்கும் இடம்கூடப் படத்தில் இருட்டாகவே இருக்கும். ஒளிர்ந்த இடத்தை நம்பலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஒளிராத இடத்தை “இங்கே ஒன்றுமில்லை, வெட்டலாம்” என்று படிக்கவே கூடாது.

அப்படியானால் எதற்கு எடுப்பது? பேச்சு எந்தப் பக்க மூளையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. வலது கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு இடது பக்கம்தான். இடது கைக்காரர்களில் அது ஏறத்தாழ 70 ஆகக் குறைகிறது. முன்பெல்லாம் இதை அறியக் கழுத்து இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்தி ஒரு பக்க மூளையைச் சில நிமிடங்கள் தூங்க வைத்துப் பேசச் சொல்லிப் பார்ப்பார்கள். வாடா சோதனை என்று பெயர். ஃபங்ஷனல் எம்ஆர்ஐ அந்த ஊசியைப் பலருக்குத் தேவையில்லாமல் செய்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இந்த ஸ்கேனைக் கட்டாயம் கேளுங்கள் என்பேன்.

ஆனால் எந்த மொழியில் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். தையற்காரர் ஒருவருக்கு வேறோர் இடத்தில் எடுத்த ஃபங்ஷனல் எம்ஆர்ஐயை எங்களிடம் கொண்டு வந்தார்கள். படம் கிட்டத்தட்ட முழுவதும் இருட்டு. “என்ன பண்ணச் சொன்னாங்க அண்ணே?” என்று கேட்டேன். திரையில் எஃப், ஏ, எஸ் என்று எழுத்துகள் வந்தன, அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை மனசுக்குள் நினைக்கச் சொன்னார்கள் என்றார். அவர் எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். “ஃபேன் மட்டும்தான் தம்பி ஞாபகத்துக்கு வந்துச்சு” என்றார். அந்த அரை நிமிடமும் அவருடைய பேச்சுப் பகுதி சும்மா இருந்திருக்கிறது, அதைத்தான் படமும் காட்டியது. நாங்கள் மறுபடி எடுத்தோம். எழுத்துகளைத் தமிழில் போட்டோம்: க, ம, ப. 30 நொடி சொற்கள் தேடுவது, 30 நொடி சும்மா இருப்பது, இப்படியே மாறி மாறி. உள்ளே போகும் முன் வெளியே உட்கார வைத்து இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தோம். இந்த முறை இடது முன் பகுதி நன்றாகவே ஒளிர்ந்தது. இந்த ஒத்திகைக்குக் கால் மணி நேரம்தான் ஆகும். அதைச் செய்யாமல் எடுக்கும் ஃபங்ஷனல் எம்ஆர்ஐக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

வண்ண இழைப் படம் என்று நோயாளிகள் சொல்வது டிராக்டோகிராஃபி. 1994-இல் பீட்டர் பாஸரும் அவரது சகாக்களும் அமெரிக்காவில் உருவாக்கிய டிஃப்யூஷன் டென்சர் முறையிலிருந்து வந்தது. மூளையின் வெண்பகுதியில் உள்ள நீர் இழையின் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே நகரத் திணறும், வாழைநாரில் நீர் ஓடுவதைப் போல. பல திசைகளில் அந்த நகர்வை அளந்து, கணினி இழைகளின் போக்கைக் கணக்குப் போட்டு வரைகிறது. நிறங்களைப் பற்றித்தான் மக்களுக்குக் குழப்பம். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் நல்ல நரம்பு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிவப்பு இடவலமாகப் போகும் இழை, பச்சை முன்பின்னாக, நீலம் மேல்கீழாக. திசை மட்டும்தான்.

இதன் பலன் கண்கூடானது. ஷாங்காயில் 238 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. சாதாரண நேவிகேஷனோடு அறுவை நடந்தவர்களில் 32.8 சதவீதம் பேருக்குக் கைகால் அசைவு முன்பைவிட மோசமானது. அசைவுக்கான இழைப் படத்தையும் நேவிகேஷனில் சேர்த்தவர்களில் அது 15.3 சதவீதம். பாதிக்கும் கீழே. கட்டி அசைவுப் பாதைக்கு அருகில் இருந்தால் இந்தப் படத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஸ்கேன் நேரமும் சில நிமிடங்கள்தான் கூடும்.

பேச்சுப் பாதை அவ்வளவு எளிதல்ல. அசைவுப் பாதை மேலிருந்து கீழே ஓரளவு நேராக இறங்குகிறது. பேச்சின் முன் பகுதியையும் பின் பகுதியையும் இணைக்கும் கட்டு வில்லாக வளைந்து, வழியில் வேறு இழைகளைக் குறுக்கே கடக்கிறது. கடக்கும் இடத்தில் கணக்கு குழம்பும். கட்டியைச் சுற்றி நீர் கோத்து வீங்கியிருந்தால் இழை பாதியில் நின்றுபோனதாகப் படம் காட்டும். 2017-இல் வெளியான ஒரு சோதனையில், உண்மையான இழைக்கட்டுகள் எவை என்று முன்பே தெரிந்த, கணினியில் உருவாக்கிய மூளைப் படத்தை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். வந்த 96 விடைகளில் உண்மைக் கட்டுகளில் பெரும்பாலானவை இருந்தன. ஆனால் இல்லாத கட்டுகள் அவற்றைவிட அதிகம் இருந்தன. நான் இழைப் படம் கட்டும்போது கணினிக்குக் கொடுக்கும் ஒரு எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் கட்டியைத் தொட்டுக்கொண்டிருந்த இழை விலகிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கிறேன். அதனால் அறுவை மருத்துவரிடம் படத்தைக் கொடுக்கும்போது எந்த எண்ணில் எடுத்தேன் என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறேன்.

இங்கே ஒரு விஷயம். பொறியியல் படித்த பிள்ளைகள் 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை இறக்கி, அப்பாவின் தட்டை அதில் போட்டுக் கட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனையும் எம்ஐடியும் 1990-களின் இறுதியில் தொடங்கிய அருமையான மென்பொருள் அது. நானும் அதில்தான் நிறையக் கற்றேன். அப்பாவின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் துடிக்கும் அந்த மனசும் எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சையைத் தீர்மானிக்க அனுமதி பெற்றதல்ல. அதில் பார்த்ததை வைத்துக் கேள்விகளைத் தயார் செய்யுங்கள், முடிவைத் தயார் செய்யாதீர்கள்.

படங்கள் எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை அறுவை அரங்கில் காட்டுவது நேவிகேஷன். முன்பு தலையில் இரும்புச் சட்டம் பூட்டி அளந்தார்கள். 1986-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் டேவிட் ராபர்ட்ஸ் குழு சட்டம் இல்லாமலே சிடி படத்தை அறுவை நுண்ணோக்கியோடு இணைத்துக் காட்டியது. இன்று அகச்சிவப்புக் கேமரா ஒன்று மருத்துவரின் கையில் உள்ள கோலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோலின் நுனி மூளையில் எங்கே இருக்கிறது என்பது திரையில் தெரியும். தோலை எங்கே கீறுவது, ஓட்டில் எவ்வளவு சின்ன ஜன்னல் போதும், எந்த மடிப்பு வழியாக இறங்குவது என்பதற்கெல்லாம் இதைவிட நல்ல துணை இல்லை.

ஆனால் அந்தப் படம் நேற்று எடுத்தது. ஓட்டைத் திறந்து மூளையுறையைப் பிரித்ததும் மூளைத் தண்டுவட நீர் வடியும், மூளை அமிழும், கட்டியில் பாதியை எடுத்ததும் மிச்சம் உள்ளே சாயும். 1 செ.மீ. வரைகூட, சில நேரம் அதற்கு மேலும் நகரும். திரை மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பேச்சு இழை 8 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று நான் முந்தின நாள் எழுதிக் கொடுத்த கணக்கு, கட்டியின் கடைசிப் பகுதியை எடுக்கும் நேரத்தில், அதாவது எது முக்கியமோ அந்த நேரத்தில், செல்லாமல் போகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் அறுவையின் நடுவிலேயே படம் எடுக்கும் வழிகள் வந்தன. பெரியது, அரங்கிலேயே எம்ஆர்ஐ. 1990-களின் நடுவில் அதே பிரிகாம் மருத்துவமனையில் தொடங்கியது. 2011-இல் வெளியான ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வில், அரங்க எம்ஆர்ஐ இருந்த 24 பேரில் 23 பேருக்குக் காண்ட்ராஸ்டில் தெரிந்த கட்டி முழுவதும் எடுக்கப்பட்டது. இல்லாத 25 பேரில் 17 பேருக்கு. பெரிய வித்தியாசம்தான். செலவும் பெரியது, அறுவை நேரமும் நீளும், இருக்கும் இடங்களும் குறைவு. சிறியது, அல்ட்ராசவுண்ட். மூளையின் மேல் வைத்துச் சில நொடிகளில் பார்த்துவிடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். படம் எம்ஆர்ஐ போலத் தெளிவாக இருக்காது. அதைப் படிக்கக் கை பழகிய மருத்துவர் வேண்டும். அறுவைக்கு முன் குடிக்க வைக்கும் 5-ஏஎல்ஏ என்ற மருந்தும் இருக்கிறது. நீல வெளிச்சத்தில் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும். 2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் முழு அகற்றல் 36 சதவீதத்திலிருந்து 65 ஆக உயர்ந்தது. ஆனால் அது வேகமாக வளரும் கட்டிக்கு. நாம் பேசும் மெதுவான வகை பெரும்பாலும் ஒளிராது, அதனால் இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.

முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் மூளை, தலையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் படம் இவையெல்லாம் கற்பதற்கும், குடும்பத்துக்கு விளக்குவதற்கும் நல்லவை. தனியாகப் பணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது படமே அல்ல. நோயாளியை விழிக்க வைத்து, மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் தொட்டு, பேச்சு தடுமாறுகிறதா என்று பார்ப்பது. மூளைக்கு வலி தெரியாது, வலி தெரியும் தலைத் தோலையும் மூளையுறையையும் மரத்துப்போகச் செய்வார்கள். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் வளர்த்தெடுத்த முறை இது. அங்கே பயின்றுவிட்டு வந்த ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 2012-இல் 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வின்படி, மின்தூண்டலோடு அறுவை நடந்தவர்களில் பிற்பாடு தங்கிவிடும் கடுமையான குறை 3.4 சதவீதம், இல்லாமல் நடந்தவர்களில் 8.2. கட்டியை முழுவதும் எடுத்த விகிதமும் மின்தூண்டல் பிரிவில்தான் அதிகம். ஏனென்றால் இது நேற்றைய படமல்ல, இந்த நிமிடத்துப் பதில்.

எனவே இந்த நோயாளி என் சொந்த அண்ணனாக இருந்தால் நான் இப்படித்தான் செலவழிப்பேன். மெல்லிய வெட்டுகளில் முழு எம்ஆர்ஐ, அதில் சமரசம் இல்லை. அதோடு இழைப் படம். தமிழில் ஒத்திகை பார்த்து எடுப்பார்கள் என்றால் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ. இல்லையென்றால் அது இல்லாமலே. நேவிகேஷன் கட்டாயம், அல்ட்ராசவுண்ட் இருந்தால் மிக நல்லது. மிச்ச அக்கறை முழுவதையும் விழிப்பு அறுவையில் பழகிய குழு எங்கே இருக்கிறது என்று தேடுவதில் காட்டுவேன். அரங்க எம்ஆர்ஐ உள்ள மருத்துவமனை, விழிப்பு அறுவைக் குழு உள்ள மருத்துவமனை, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டாவதற்குத்தான் போவேன். கட்டி மூளையுறையிலிருந்து வளர்ந்து மேலேயே உட்கார்ந்திருக்கும் மெனிஞ்சியோமாவாக இருந்தால் பலருக்கு இதில் பாதி தேவைப்படாது. நல்ல எம்ஆர்ஐயும் நேவிகேஷனும் போதும். இரத்தக் குழாய் வீக்கம் என்றால் பேச்சே வேறு, அங்கே முப்பரிமாண ஆஞ்சியோகிராம்தான் முதல் படம்.

அந்தத் தையற்காரருக்கு நடந்ததும் விழிப்பு அறுவைதான். நான் நேவிகேஷன் திரை அருகே நின்றிருந்தேன். பெண் மருத்துவர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார்: பூனை, குடம், சாவி. அடுத்தது கத்தரிக்கோல். இருபது வருடமாகத் தினமும் கையில் பிடித்த பொருள். அவர் வாயைத் திறந்தார். “இது... இது...” கண் படத்தின் மேலேயே இருக்கிறது, விரல்கள் கத்தரி பிடிப்பதைப் போல அசைகின்றன, சொல் வரவில்லை. மின்முனையை எடுத்ததும் “கத்தரி!” என்றார், கொஞ்சம் கோபமாகவே. திரையைப் பார்த்தேன். நான் தமிழில் மறுபடி எடுத்த அந்த நல்ல படத்தில்கூட அந்த இடம் இருட்டுத்தான். ஒளிர்ந்த பகுதி 1 செ.மீ. பின்னால் இருந்தது. மருத்துவர் அங்கே ஒரு சின்ன எண் சீட்டை வைத்தார். கட்டியின் அந்த ஓரத்தைத் தொடாமல் விட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் ஸ்கேனுக்கு வருகிறார். போன மாதமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, “விட்டுட்டு வந்தீங்களே தம்பி, அந்தத் துண்டு என்ன பண்ணுது?” என்று கேட்டார். போன முறை எடுத்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வெட்டாக ரேடியாலஜிஸ்ட் அளந்தார். அளவு மாறவில்லை.